மேலதிகாரி ஏற்ற பழி

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கிளம்பக் காத்திருந்தது. கடைசி நிமிடங்களில் கணினி ஏவுதலை நிறுத்தி வைத்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வேண்டிய அமிலம் கசிந்துகொண்டிருந்தது. நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, மிச்சம் இருப்பதே போதும், பயமில்லை என்றார்கள். திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கணினியின் பேச்சைத் தள்ளிவிட்டு ஏவச் சொன்னார். முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கலம் தறிகெட்டுப் போய், 317 விநாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது.

பத்திரிகையாளர்கள் கூடியிருந்தார்கள். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான் கலாமையும் உடன் அழைத்துப் போனார். ஆனால் பேசியது முழுக்க தவான்தான். தோல்வியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, தன் ஆட்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை ஜெயிப்போம் என்றார். கலாம் இதைப் பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொல்லி வந்தார். நிர்வாகவியல் வகுப்புகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதையும்கூட. நல்ல மேலாளருக்கு வேண்டிய குணம் என்று அதைக் குறித்துக்கொண்டு மாணவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்குள் இருக்கும் சிக்கலை யாரும் தொடுவதில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதுதான் நம் ஊர் நியாயம். சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் வேறு எதில் முட்டிக்கொண்டாலும், வினை செய்தவனைத் தேடி வரும் என்பதில் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. புண்ணியத்தைப் பங்கு போடலாம் என்ற வழக்கமாவது உண்டு. இலங்கையில் பௌத்தக் குடும்பங்கள் பிக்குகளுக்குத் தானம் கொடுத்து, அந்தப் புண்ணியம் இறந்துபோன உறவினரைச் சேரட்டும் என்று வேண்டிக்கொள்கின்றன. பாவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்படியானால் தவான் செய்தது என்ன? ஏவச் சொன்னவர் அவர் இல்லை. செய்யாத வினையின் பலனை ஒரு மனிதர் வாங்கிக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் செய்தவர் தப்பித்துவிட்டார் என்றுதானே ஆகும்?

இதற்கு விடை, பத்திரிகையாளர் சந்திப்பில் இல்லை. பின்பு, மூடிய அறையில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் இருக்கிறது. ஆக்சிஜனேற்றித் தொட்டியின் ஒரு வால்வு, தூசு படிந்ததால் மூடாமல் திறந்தே நின்றுவிட்டது என்று குழு கண்டுபிடித்தது. தொழில்நுட்பக் காரணம் கிடைத்துவிட்டது. எல்லோரும் எழுந்து போயிருக்கலாம். அப்போது கலாம் எழுந்தார். கசிவு தெரிந்தும் அதை அற்பமாக நினைத்தது தன் பிழை, ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டும், வெளிநாடாக இருந்தால் இந்நேரம் தன் வேலை போயிருக்கும் என்று தவானைப் பார்த்துச் சொன்னார். ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். மேடைகளில் இந்தப் பாதி அவ்வளவாக வருவதில்லை; வந்திருக்க வேண்டும்.

ஆக, தவான் வெளியில் பழியை ஏற்றதால் கலாம் தப்பிக்கவில்லை. தன் தண்ணீரை அவரே குடித்தார். மேலே இருப்பவர் வெளியுலகின் அடியை வாங்கிக்கொண்டதால், கீழே இருப்பவருக்கு உள்ளே உண்மையைச் சொல்லும் தெம்பு வந்தது. வினைக் கொள்கைக்கும் இதற்கும் மோதல் இல்லை. தவான் எடுத்துக்கொண்டது கலாமின் பிழையை அல்ல, அந்தப் பிழைக்காக ஊர் அடிக்கும் அடியை. அந்த அடிக்குப் பயந்துதான் பெரும்பாலான அலுவலகங்களில் உண்மை கோப்புக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறது.

அப்படிப் படுத்துக் கிடந்ததன் விலை 1986 ஜனவரியில் தெரிந்தது. சாலஞ்சர் விண்ணோடம் கிளம்புவதற்கு முந்தின இரவு, ராக்கெட்டைச் செய்து கொடுத்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்துக்கும் நாசாவுக்கும் இடையே தொலைபேசிக் கூட்டம் நடந்தது. குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் விறைத்துப்போகும், ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று ராஜர் பாய்ஜாலி உள்ளிட்ட பொறியாளர்கள் மன்றாடினார்கள். நாசா தரப்பு எரிச்சல்பட்டது. நிறுவனத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்ள நேரம் கேட்டார்கள். அந்த இடைவேளையில் மூத்த நிர்வாகி ஒருவர், பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவரும் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை கிளம்பிய 73 விநாடிகளில் விண்ணோடம் சிதறியது; அதிலிருந்த ஏழு பேரும் செத்தார்கள். ஏவும் முடிவை எடுத்த மேல்மட்டத்தாருக்கு இப்படி ஓர் எதிர்ப்பு வந்ததே தெரியாது என்று ராஜர்ஸ் விசாரணைக் குழு பின்பு சொன்னது. விசாரணையில் உண்மையைச் சொன்ன பாய்ஜாலி, நிறுவனத்துக்குள் ஓரங்கட்டப்பட்டார்.

நியாயமாகப் பார்த்தால் கலாமும் அன்று ஓர் எச்சரிக்கையைத் தாண்டித்தான் போனார். அவர் கலத்தில் ஆள் யாரும் இல்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம். உயிர்கள் போயிருந்தால் தவானின் சொல்லுக்கு இந்த மதிப்பு இருந்திருக்குமா?

உயிர்கள் போனபோதும் மேலே இருந்தவர் பழியை ஏற்றதுண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சரிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலகல் கடிதம் கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றார். சாஸ்திரி குற்றவாளி என்பதால் அல்ல, அது ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதால் ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கவும் செய்தார். இன்றுவரை ஒவ்வொரு ரயில் விபத்துக்குப் பிறகும் சாஸ்திரியின் பெயர் அடிபடுகிறது. ஆற்றுப் பாலங்களை மழைக்காலத்துக்கு முன் யார் பார்த்தார்கள் என்ற கேள்வி அவ்வளவு உரக்க எழுவதில்லை. பதவி விலகல் கௌரவமான செயல்தான். ஆனால் அது ஆய்வுக் கூட்டத்தின் வேலையைச் செய்யாது.

அப்படியானால் இவர்கள் ஏற்றது எந்த வகைப் பழி? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-இல், ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ் தன் நாட்டாரின் குற்றத்தை நான்காகப் பிரித்து எழுதினார். சட்டத்தை மீறிய குற்றம் நீதிமன்றத்துக்குரியது. அரசியல் குற்றம் குடிமக்கள் எல்லோரையும் சேரும். அறக் குற்றம் அவரவர் மனசாட்சிக்குரியது. நான்காவது, இறைவன் முன் நிற்பது. சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் இன்னும் கறாராகப் பேசினார்: குற்றம் தனிமனிதனுடையது, எல்லோரும் குற்றவாளிகள் என்றால் உண்மையான குற்றவாளி கூட்டத்தில் ஒளிந்துகொள்வான், பொறுப்பை மட்டும், நாம் செய்யாத செயலுக்கும் சுமக்கலாம். தவானும் சாஸ்திரியும் சுமந்தது இந்தப் பொறுப்பை. நீதிமன்றத்துக்கு உரியதைச் சுமக்க அவர்கள் முன்வரவில்லை, வந்திருந்தாலும் சட்டம் விட்டிருக்காது.

குற்றத்தையும் பொறுப்பையும் குழப்பிக்கொள்வதை வசதியாகக் காண்பவர்களும் இருக்கிறார்கள். 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்ததும், யூனியன் கார்பைடு நிறுவனம் தார்மிகப் பொறுப்பை ஏற்பதாக அறிவித்தது. அதன் தலைவர் வாரன் ஆண்டர்சன் இந்தியாவுக்கு வந்தார், கைதானார், ஜாமீன் பெற்று நாடு திரும்பினார். வழக்குக்கு அவர் வரவே இல்லை. 2010 ஜூனில் போபால் நீதிமன்றம், அந்நிறுவனத்தின் இந்தியத் துணை நிறுவனத்தில் பணியாற்றிய ஏழு இந்தியர்களுக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அப்போதும் ஆண்டர்சன் தலைமறைவுக் குற்றவாளியாகவே இருந்தார். 2014-இல் அமெரிக்காவில் காலமானார்.