பார்த்துக்கொண்டிருப்பதும் தொண்டா?

தொண்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? கோயிலில் அன்னதானம் பரிமாறுவது, கோத்தோங் ரோயோங்கில் மண்வெட்டி பிடிப்பது, பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுப்பது. கை வேலை செய்ய வேண்டும், பலன் உடனே தெரிய வேண்டும் என்று நினைக்கிறோம்.

திரெங்கானு, ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கடற்கரையில் ஒரு வாரம் ஆமைத் தொண்டராக இருந்துவிட்டு வந்தேன். நம் கிளைத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, லீவு போட்டுட்டுப் போய் சும்மா பாத்துட்டா வந்தீங்க?"

நியாயமான கேள்விதான். அங்கே பாதி வேலை பார்ப்பதுதான். இரவில் பச்சை ஆமை கரையேறினால் வெளிச்சம் காட்டாமல் தள்ளி உட்கார வேண்டும். அது முட்டையிடத் தொடங்கிய பிறகே அருகில் போய் ஓட்டின் நீளத்தை அளந்து, முட்டைகளை எண்ணி, நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒன்றும் வராத இரவில் 'இல்லை' என்று எழுத வேண்டும்.

இதனால் என்ன பயன்? அதே மாநிலத்தின் ரந்தாவ் அபாங்கைப் பாருங்கள். 1950களில் அங்கே பெலிம்பிங் ஆமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் வரை இட்டன. இன்று அவை வருவதே அபூர்வம். பல ஆண்டுகள் மனிதன் முட்டைகளை அள்ளியதும், கடலில் வலைகளில் ஆமைகள் சிக்கியதும் முக்கியக் காரணங்கள்.

காப்பாற்ற முயலாமல் இல்லை. 1960களிலிருந்து முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். ஆனால் ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். பின்னாளில் ஆய்வாளர்கள் வெப்பத்தை அளந்தபோதுதான், அங்கே பொரிந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருந்திருக்கும் என்று தெரிந்தது. நல்ல மனதோடு செய்த வேலைதான். மணலைக் கவனித்த பிறகே குறை புரிந்தது.

வேடிக்கை பார்ப்பது வேறு, சாட்சியாக இருப்பது வேறு. வேடிக்கை பார்ப்பவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சாட்சியோ தான் கண்டதற்குப் பொறுப்பாளி. நள்ளிரவில் தூங்கிவிட்டு மறுநாள் 'இல்லை' என்று எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தான் நாளை ஒருவர் முடிவெடுப்பார். அதனால்தான் அந்த ஒற்றைச் சொல்லிலும் தர்மம் இருக்கிறது என்கிறேன்.

பச்சை ஆமைக் குஞ்சு வளர்ந்து முட்டையிட வர இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று எண்ணுகிறவர் அன்று அந்தக் கரையில் இருப்பாரா? தெரியாது. இருந்தும் இன்றைய எண்ணிக்கையைச் சரியாக எழுதுகிறார். பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தம்பி, தங்கைகளே, அடுத்த முறை தீபாவளிக்கு உதவிப் பொட்டலம் கட்டும் முன், அந்த வீடுகளுக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து கவனியுங்கள். அரிசியா, மருந்தா, பேச ஓர் ஆளா, என்ன தேவை என்று அங்கேதான் தெரியும். அதையும் தொண்டுக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.