பலகை மாற்றிய வண்டி

அமெரிக்க நாட்டில் பழைய பிக்கப் வண்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் வேலையைத் தம் ஓய்வு நேரத்தின் விரதமாகவே மேற்கொண்டிருக்கும் மனிதர்கள் ஆயிரக்கணக்கானவர். செவர்லே கம்பெனி 1947 முதல் 1955-இன் தொடக்கம் வரை செய்து விற்ற 3100 என்னும் அரை டன் வண்டியோ, ஃபோர்டு கம்பெனி 1948-இல் தொடங்கிய எஃப் வரிசை வண்டிகளில் ஒன்றோ, ஏதோ ஒரு பண்ணையின் கொட்டகையில் துருவேறிக் கிடந்தால் அதை இழுத்து வந்து, வீட்டை ஒட்டிய பட்டறையில் நிறுத்தி, கேபினைச் சேஸிஸிலிருந்து தூக்கி, போல்ட் போல்ட்டாகக் கழற்றி, இற்றுப்போன தகட்டை வெட்டி எறிந்து வேறு தகடு பற்றவைத்து, வருஷக்கணக்கில் அதற்கென்றே மாலைப் பொழுதுகளை ஒப்புக்கொடுக்கும் அவர்களுடைய சிரத்தையைக் கண்டவர், இது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி நகர்ந்துவிட மாட்டார். அக்கக்காகப் பிரித்து, பாதிக்கு மேல் மாற்றி, மறுபடியும் பூட்டி எழுப்பியபின் அங்கே நிற்பது அந்தப் பழைய வண்டிதானா என்ற கேள்வி அவர்களிடையே ஓயாத விவாதமாக இருந்து வருகிறது. கையில் கிரீஸ் படிந்தவர்கள் கேட்பதால் அது சில்லறைக் கேள்வி ஆகிவிடாது. பதார்த்தங்களின் ஸ்வரூபத்தைப் பற்றித் தத்துவ ஞானிகள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டு வருவதும் அதுவேதான்.

அவர்களுக்குள் மூன்று கட்சிகள் உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எந்த நிறம், எந்த எஞ்சின், எந்த வகைத் திருகாணி இருந்ததோ அதுவே இன்றும் இருக்க வேண்டும் என்பது முதல் கட்சி. வெளித்தோற்றம் பழையதாக இருந்தால் போதும், உள்ளே இக்காலத்து வி-8 எஞ்சினும், டிஸ்க் பிரேக்கும், பவர் ஸ்டியரிங்கும், 1970-களின் மஸ்டாங் காரை ஒட்டிச் செய்த முன்பக்க சஸ்பென்ஷனும் அமைந்து, வண்டி நெடுஞ்சாலையில் பயமின்றி ஓட வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது கட்சிக்காரர் மேற்பரப்பைத் தொடவே தயங்குகிறார். வெயிலில் வெளிறிய பெயிண்டும், கதவில் பாதி அழிந்து நிற்கும் பழைய கடையின் பெயரும், துருவின் செம்மையும் காலம் எழுதிய சாசனம் என்று கருதி, அவற்றின்மேல் நிறமற்ற வார்னிஷ் மட்டும் பூசிக் காப்பாற்றுகிறார். பொருளின் உண்மை அதன் வடிவில் இருக்கிறதா, பிரயோஜனத்தில் இருக்கிறதா, காலத்தைச் சுமந்து நிற்கும் ஜடத்தில் இருக்கிறதா என்பதே அம்மூவருடைய வழக்கின் தாத்பரியம்.

கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து வந்தார்கள் என்றும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நல்ல பலகை பொருத்தியதால் அது அதே கப்பலா அன்றா என்று தத்துவவாதிகள் சர்ச்சை செய்தார்கள் என்றும் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதை இன்னும் கூர்மையாக்கினார். கழற்றிய பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அவற்றைக்கொண்டே இரண்டாவது கப்பல் கட்டிவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று கேட்டார். ஹாப்ஸ் கற்பனையாகச் சொன்னது பிக்கப் பட்டறைகளில் அன்றாட நிகழ்ச்சி. 1950-ஆம் ஆண்டுச் செவர்லே கேபினைத் தூக்கி, 1982 மாடல் முதல் அதே கம்பெனி செய்த எஸ்-10 என்னும் சிறு பிக்கப்பின் சேஸிஸ்மேல் இறக்கி வைக்கிறார்கள். நீக்கப்பட்ட பழைய சேஸிஸும் எஞ்சினும் கியர் பெட்டியும் பழைய சாமான் சந்தையில் விலைபோய், எங்கோ இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுக்கின்றன. முதல் வண்டி இப்போது எங்கே இருக்கிறது?

சர்க்காருக்கு இந்தக் கேள்வியில் மயக்கம் கிடையாது. எண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வண்டி இருக்கிறது. அக்காலத்துச் செவர்லே பிக்கப்பில் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுத் தூணில் சிறு உலோகத் தகடு ஒன்று இருக்கும். அதில் பொறித்த எண்ணும் உரிமைப் பத்திரத்திலுள்ள எண்ணும் ஒத்திருந்தால் அது இன்னாருடைய இன்ன வண்டி. அந்தத் தகட்டைப் பெயர்த்து வேறொரு வண்டியில் பொருத்தி ஊரை ஏய்ப்பது அங்கே தண்டனைக்குரிய குற்றம். திருட்டைத் தடுப்பதற்கு இது தகுந்த ஏற்பாடே. ஆயினும், எண்ணைக் கொண்டு வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்கலாமே ஒழிய, வண்டி எது என்று அறிந்துவிட முடியாது.

நம் நாட்டுத் தர்க்கம் இந்த இடத்தில் அஞ்சாமல் உள்ளே போயிருக்கிறது. கிரேக்க அரசனான மிலிந்தனோடு வாதம் செய்த நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, அரசன் ஏறி வந்த தேரையே எடுத்துக்கொண்டு, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாக வினவி, எதுவும் தேரன்று என்று அவனையே ஒப்புக்கொள்ளச் செய்து, தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு உலகம் வழங்கும் பெயர் மாத்திரமே என்று நிறுவியதை மிலிந்த பஞ்ஹம் விவரிக்கிறது. நியாய வைசேஷிகர் அதற்கு நேர் எதிராக, அவயவங்களுக்கு வேறான அவயவி என்ற முழுப்பொருள் ஒன்று உண்டு என்று சாதித்தார்கள். ஆனால் அவர்கள் கணக்கிலும் ஓர் அவயவம் நீங்கினால் பழைய அவயவி அழிந்து புதியது ஒன்று தோன்றுகிறது. ஒருவர் வண்டியே இல்லை என்கிறார். மற்றவர் ஒவ்வொரு திருகாணி மாற்றத்திற்கும் ஒரு புது வண்டி தருகிறார். இரண்டு சித்தாந்தங்களின் கூர்மைக்கும் தலை வணங்குகிறேன்; எனினும், பழுது பார்ப்பவனுடைய அனுபவத்திற்கு இரண்டும் இடம் தரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இருவரும் முழுமையாக முடிந்துவிட்ட ஒரு பொருளை முதலில் நிறுத்திவைத்துப் பிறகு அதில் மாற்றம் புகுவதாகக் கொள்கிறார்கள். இந்த வண்டிகளோ முடிந்துவிட்ட பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை.

அதை அறிய, அந்தச் செவர்லேயின் சரக்குப் பெட்டியைக் குனிந்து பார்க்க வேண்டும். அதன் தரை ஒரே தகடாக வார்த்ததன்று. நீளவாக்கில் மரப் பலகைகளைப் பரப்பி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை ஓடவிட்டு, போல்ட்டுகளால் இறுக்கியிருக்கிறார்கள். மூட்டையும் பெட்டியும் அப்பட்டைகளின்மேல் எளிதாக வழுக்கி உள்ளே போகும். மழையில் ஊறி, கல் விழுந்து ஒரு பலகை பிளந்துபோனால், பண்ணைக்காரர் அந்த ஒன்றைமட்டும் கழற்றிவிட்டுத் தம் கொட்டகையிலுள்ள மரத்தை அறுத்து அங்கே போட்டுக்கொள்வார். எஞ்சினைத் திறந்தாலோ இன்னும் வெளிப்படையான சாட்சி கிடைக்கிறது. 216 கன அங்குலக் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் உள்ள அந்த எஞ்சினில், கனெக்டிங் ராடு கிராங்கைப் பற்றும் இடத்தில் பாபிட் என்னும் மெதுவான வெள்ளீயக் கலப்பு உலோகம் வார்க்கப்பட்டிருக்கும். அதன் மூடி உட்காரும் இடத்தில் மெல்லிய ஷிம் தகடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஓட ஓடப் பாபிட் தேய்ந்து, இடைவெளி விழுந்து, எஞ்சின் தட்டத் தொடங்கினால், எண்ணெய்த் தொட்டியை இறக்கி, ஒரு ஷிம்மை உருவிவிட்டு மூடியை மறுபடி இறுக்க வேண்டும். தேய்ந்த அளவுக்குப் பிடி நெருங்கிவிடும். இது தேயும் என்று அதைச் செய்தவனுக்குத் தெரியும். தேய்ந்தபின் ஒரு மனிதன் கீழே படுத்துக்கொண்டு கையை நீட்டி அதைச் சரிசெய்வான் என்றும் தெரியும். அந்த அறியாத மனிதனுக்காகவே அத்தகடுகளை அவன் முன்கூட்டி அடுக்கி வைத்திருக்கிறான். அநித்தியத்தை ஒப்புக்கொண்டு செய்த பொருள் இது. பழுது பார்த்தல் அதற்கு வெளியிலிருந்து வந்து சேரும் விபத்து அன்று. அதன் ஸ்வபாவத்திலேயே எழுதி வைத்த சடங்கு.

பிக்கப் என்னும் ஜாதியே மாற்றத்தில் பிறந்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஃபோர்டு கம்பெனி தானே பெட்டி பொருத்திய மாடல்-டி பிக்கப்பை 281 டாலர் விலையில் 1925-இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே குடியானவர்கள் தங்கள் கார்களின் பின்பகுதியை நீக்கிவிட்டு, மரப்பெட்டி செய்து பூட்டி, பால் கேனும் தானியமும் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்துத்தான் தொழிற்சாலை செய்தது. ஆகையால், தொழிற்சாலை வடிவமே அசல், மற்றதெல்லாம் கலப்படம் என்று சொல்லும் நண்பர், அந்த அசலுக்கும் முன்னோன் ஒரு பண்ணைக்காரனின் ரம்பம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கருவியாகப் பிறந்த ஒரு பொருள், தன் தொழிலைத் தொடரும்படி அடுத்த கை அதைத் தாங்கும்வரை அதே பொருளாக இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். ஜடமும் வடிவும் அந்தத் தொடர்ச்சிக்குத் துணைகள். இப்படிக் கொண்டால் தீர்ப்பு எந்த ஒரு கட்சிக்கும் முழுச் சாதகமாக அமைவதில்லை. சரக்குப் பெட்டியின் தரையில் ஓக் மரத்தைப் பதித்து, முகம் தெரியும்படி மெருகேற்றி, அதன்மேல் ஒரு மூட்டையைக்கூட வைக்க அஞ்சுகிறவர், திருகாணிகளை எத்தனை பிசகின்றிச் சேர்த்திருந்தாலும் வண்டியை இழந்துவிட்டார் என்றே சொல்வேன். தரையைத் தொடுமளவு உடலைத் தாழ்த்தி, பாரம் ஏற்றினால் அச்சு மோதும்படி செய்துவிட்ட மாற்றக்காரரும் அதையே இழந்திருக்கிறார். அந்த உழைப்பின் அழகு என் கண்ணையும் கவரத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் காப்பாற்றியது வண்டியின் உருவத்தை மட்டுமே.

பிரேக் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. அக்காலத்து வண்டிகளில் நான்கு சக்கரங்களின் டிரம் பிரேக்குகளுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் வழிதான். ஏதாவது ஒரு சக்கரத்தில் ரப்பர் வாஷர் கிழிந்து கசிந்தாலும் மிதி தரையோடு போய்விடும், வண்டி நிற்காது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி வழி வைத்த இரட்டை மாஸ்டர் சிலிண்டர் 1960-களின் பிற்பகுதியில்தான் அந்நாட்டில் பொதுவாயிற்று. அசல் கெடக் கூடாது என்று ஒற்றை வழியோடு நெடுஞ்சாலையில் இறங்குகிறவர், தம் வண்டியின் தூய்மைக்காகப் பிறருடைய குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கிறார். அஹிம்சையைவிட உயர்ந்த அசல் எதுவும் இல்லை. ஆறு வோல்ட் மின்சாரத்தில் மினுக்கும் விளக்குகளைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

இனி, மாற்றத்திற்குத் தடையில்லை என்றால் எதற்குத்தான் தடை? பொய்க்கு. புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவில், ஒருநாளும் இருந்திராத ஒரு கடையின் பெயரை எழுதி, மணல் தாளால் தேய்த்து, ரசாயனத்தால் துருவேற்றி, எழுபது ஆண்டு வெயிலைச் சில நாளில் வரவழைக்கும் வித்தை இப்போது பரவியிருக்கிறது. வெட்டி ஒட்டிய வண்டி தன் தையலை மறைக்காதவரை நேர்மையானது. இப்படித் துருவேற்றிய வண்டியோ, தான் வாழாத வாழ்வைச் சொல்லிக்கொள்கிறது. நம் ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணத்தை ஏற்றுக்கொண்டவை. மூர்த்தியின் கலையைக் கும்பத்தில் ஆவாஹனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளுவித்தபின், சிற்பி கருவறைக் கல்லையும் பெயர்க்கலாம். திருமழபாடிக் கோயிலின் ஸ்ரீ விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜ சோழன் ஆணையிட்டபோது, அதன் சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். விமானம் எழுந்தபின், ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடியும் கல்லில் வெட்டப்பட்டன. கல் போயிற்று, செய்தி போகவில்லை. படியெடுத்தது என்ற உண்மையும் மறைக்கப்படவில்லை. எதை நீக்கினேன், எதை எங்கிருந்து எடுத்துச் சேர்த்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி, வண்டியோடு அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பட்டறைக்காரரைக் கேள்விப்படும்போதெல்லாம், அந்தச் சோழப் படியெடுப்பின் நெறி வேறொரு கண்டத்தில் தானாகவே முளைத்திருப்பதாக எண்ணி மகிழ்கிறேன்.

இவ்வளவும் ஒரு பழைய இரும்பின்மேல் வைத்த பற்று அல்லவா, பற்றறுக்கச் சொல்லும் சமயம் இதைக் கண்டிக்காதா என்று கேட்கலாம். இந்த ஆட்சேபத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. விலை ஏறும் என்று பூட்டி வைப்பதும், இது என்னுடையது என்று பிறர் தொடவிடாமல் காப்பதும் பற்றே, அதில் சந்தேகமில்லை. ஆனால் தேயும் என்று தெரிந்தே ஒன்றைப் பேணுகிறவன், தனக்கு முன் அதைப் பேணியவனையும் தனக்குப் பின் பேணப் போகிறவனையும் நினைத்துக்கொண்டு ஷிம்மை உருவுகிறவன், உடைமையை அனுபவிக்கிறான் என்பதைவிடக் கடமை ஒன்றைச் செய்கிறான் என்பதே பொருந்தும். எது எவனுடைய நிலை என்பதை அவன் கழற்றிய சாமானை என்ன செய்கிறான் என்பதில் காணலாம். தேய்ந்த 216-ஐ இறக்கிவிட்டு, எல்லாப் பேரிங்குகளுக்கும் அழுத்தத்தோடு எண்ணெய் செல்லும் பிற்காலத்து 235 எஞ்சினை ஏற்றுகிறவர்களில் அநேகர், பழையதை இரும்புக் கடைக்கு எடை போட்டு விற்பதில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு பலகையில் நிறுத்தி, கேட்டு வருகிறவருக்காகக் காத்திருக்கிறார்கள். வருகிறவர் பெரும்பாலும் முதல் கட்சியைச் சேர்ந்தவர், தம் வண்டிக்கு அந்த எஞ்சின்தான் வேண்டும் என்று வெகு தூரத்திலிருந்து வண்டி பிடித்து வந்தவர். விலை பேசி முடிந்ததும், இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துச் சங்கிலியில் அதைத் தூக்கி ஏற்றுகிறார்கள்.