வீதிக்கு எழுந்தருளும் எம்பெருமான்

சமயம் அவரவர் மனத்தோடு இருக்கவேண்டிய விஷயம், அதை வீதிக்குக் கொண்டுவருவானேன் என்று கேட்போர் உண்டு. சமயமே சமூகத்தை ஆளவேண்டும் என்போரும் உண்டு. திருமாடவீதியில் வெயிலையும் பொருட்படுத்தாது காத்துநிற்கும் ஆஸ்திக அன்பர்கள் இவ்விரண்டையும் கேட்டுப் பழகியவர்களே. அவர்கள் கண்முன்னே நிகழும் உத்ஸவமே இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது என்பது அடியேனுடைய எண்ணம்.

பரம், வியூகம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என எம்பெருமானுக்கு ஐந்து நிலைகளை நம் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்தனர். அந்தர்யாமியாக அவன் ஒவ்வொருவர் உள்ளத்திலும் உறைகிறான். துயருற்ற வேளையில் ஒருவன் கண்மூடிச் சொல்லும் திருநாமத்திற்குப் பிறர் சாட்சி வேண்டியதில்லை. தனிவாழ்வில் சமயத்தின் இடம் அது. அதில் புறத்தார் புகுந்து பேச ஒன்றுமில்லை. ஆயினும் அவன் அவ்வளவோடு நின்றுவிடாமல், அர்ச்சாமூர்த்தியாக எல்லோர் கண்ணுக்கும் இலக்காகிறான். அதிலும் மூலவர் கர்ப்பக்ருஹத்திலே நிலைத்திருக்க, உத்ஸவர் வாகனமேறி வெளியே எழுந்தருளுகிறார். ஸந்நிதிவரை நடக்க இயலாத முதியோரும் நோயுற்றோரும் ஸேவிக்கவேண்டும் என்பதே இதன் கருத்து என்பர் பெரியோர். உண்மையே. ஆனால் வர இயலாதவர்களோடு, வர விடப்படாதவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். பல ஊர்களில் அவர்கள் கோயில் வீதியில் நடக்கவும் தடை இருந்தது. இதை மறைத்து உத்ஸவத்தின் பெருமையைப் பேசுவது அடியேனுக்குச் சரியாகத் தோன்றவில்லை.

ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்தவர் மாறனேர்நம்பி. தாழ்ந்தது என்று ஊரார் ஒதுக்கிய குலத்தில் அவதரித்தவர். அவர் பரமபதித்தபோது, அதே ஆசார்யனின் சிஷ்யரான பெரியநம்பி தம் கையாலேயே சரமஸம்ஸ்காரம் செய்தார் என்று குருபரம்பரை கூறும். பெரியநம்பியோ, உடையவருக்கே பஞ்சஸம்ஸ்காரம் செய்தருளிய ஆசார்யர். அத்தகையவரையும் உறவினர் விலக்கிவைத்தனர். உடையவரே வந்து வினவ, ஜடாயுவுக்கு ஸ்ரீராமபிரான் ஈமக்கடன் செய்ததை நினைவூட்டினாராம் நம்பி. பெருமான் ஒரு பறவைக்குச் செய்தான். மாறனேர்நம்பி பறவையினும் தாழ்ந்தவரோ, அல்லது தாம்தாம் பெருமானினும் உயர்ந்தவரோ என்பது அவர் கேட்டதன் பொருள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம்பி தம் அன்பை உள்ளத்தோடு வைத்துக்கொண்டிருந்தால் ஒருவரும் அவரை விலக்கியிருக்கமாட்டார்கள். கை தொட்டுக் கடன் செய்தபோதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. விலக்கியவர்களும் சமயத்தின் பெயரால்தான் விலக்கினார்கள்! ஆகவே சமூகத்தில் சமயத்திற்கு இடம் வேண்டும் என்று பொதுப்படச் சொன்னால் போதாது. நம்பியின் சமயமா, அவரை விலக்கியவர்களின் சமயமா என்று கேட்கவேண்டியிருக்கிறது. பாகவதனைப் பிறப்பை வைத்து எடைபோடுவது கொடிய அபசாரம் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளைலோகாசார்யர் அறுதியிட்ட பிறகும் நாம் அதைக் கேட்க நேர்ந்ததே வருந்தத்தக்கது.

சென்ற நூற்றாண்டிலும் இவ்வழக்கு தீரவில்லை. தடுக்கப்பட்ட மக்களும் உள்ளே சென்று கண்ணனை ஸேவிக்கவேண்டும் என்று 1931 நவம்பரில் குருவாயூரில் ஸத்யாக்ரஹம் தொடங்கிற்று. 1932 செப்டம்பரில் கேளப்பன் உண்ணாநோன்பு மேற்கொண்டு, காந்தியடிகளின் வேண்டுகோளை ஏற்று அதை நிறுத்தினார். பின்னர் பொன்னானி தாலுகாவில் மக்கள் கருத்தைக் கேட்டபோது, பெரும்பாலோர் ஆலயப்பிரவேசத்திற்கு இசைவே தெரிவித்தனர். எனினும் கதவு திறக்க 1947 வரை ஆயிற்று. மனத்தில் இருந்த இசைவு அத்தனை ஆண்டுகள் மனத்திலேயே இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டமோ, மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், பொது ஆலயங்களை எல்லா வகுப்பினர்க்கும் திறந்துவிடச் சட்டமியற்றும் உரிமையையும் 25-ஆம் பிரிவிலேயே சேர்த்து வைத்தது. சமய விஷயத்தில் சட்டம் தலையிட்டதே என வருந்துவோர் சிலர். பாகவதர்கள் முன்பே செய்திருக்கவேண்டியதைச் சட்டம் செய்யவேண்டி வந்ததே என்பது அடியேன் வருத்தம்.

ஆனால் சட்டம் வாசல்வரைதான் வரும். உள்ளே வந்தபின் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறோம் என்பதை அது பார்ப்பதில்லை. பிறர்க்கு உபதேசமாக இதை எழுதவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு திவ்யதேசத்தில், தீர்த்தம் ஸாதிக்கும் ஸமயத்தில், முன்னே நின்ற மூதாட்டி ஒருவரைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு அடியேன் முந்திச் சென்றேன். தீர்த்தமும் ஸ்ரீசடாரியும் கிடைத்தன. அடுத்த கணமே திரை போட்டுவிட்டார்கள். அம்மையார் கை நீட்டியபடியே நின்றார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடியேன் நெற்றியில் பளிச்சென்றிருந்த திருமண்காப்பை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். பின்னர் பிராகாரத்திலும் ராஜகோபுரத்தடியிலும் தேடினேன். பிழை பொறுக்கும்படி கேட்பதற்கு அவர் அகப்படவில்லை.