வேலிக்கு முன் ஒரு வினா



பம்மலில் நாம் குடியிருக்கும் தெருவின் கோடியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுச்சுவர் எழுந்தது. தம் நிலத்தில் தாமே எழுப்பிய சுவர்; சட்டப்படி குற்றமில்லை. ஆயினும் அவ்வழியே பள்ளிக்கு நடந்த சிறார் அன்றுமுதல் பெருஞ்சாலையைச் சுற்றிச் செல்லலாயினர். முன்னதாக ஒரு சொல் கேட்டிருப்பின், சிறு திட்டிவாசல் ஒன்று விட்டிருப்பார்கள் என்றே நம்புகிறோம்.

தெருச் சுவருக்கே இவ்வாறெனில், நாட்டெல்லை வேலிக்கு எவ்வளவு கேட்டல் வேண்டும்!

இந்தியாவுக்கும் மியான்மருக்கும் இடையிலான எல்லை 1,643 கிலோமீட்டர் நீளமுடையது. எல்லை உடன்படிக்கை 1967இல் செய்யப்பட்டது. அங்கு வாழும் நாகர், குக்கி, மிசோ மக்களின் உறவுமுறையோ அதனினும் பழமையானது. நாகாலாந்தின் லோங்வா ஊரில், ஊர்த்தலைவர் இல்லத்தின் ஊடாகவே எல்லைக்கோடு செல்கிறது. எல்லையோர மக்கள் 16 கிலோமீட்டர் வரை கடவுச்சீட்டின்றிச் சென்றுவர இசைவு இருந்தது. அவ்விசைவை நீக்கி, எல்லை முழுவதும் வேலி அமைக்கும் முடிவை மத்திய அரசு 2024இன் தொடக்கத்தில் அறிவித்தது. மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின; மணிப்பூர் அரசோ வரவேற்றது.

மணிப்பூரின் மோரே நகரில் நம் தமிழரும் உளர். 1960களில் பர்மாவை விட்டு வந்து, தரைவழியே மீள முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கியவர்களின் வழியினர் அவர்கள். எல்லைக்கோடு ஒரு குடும்பத்தின் வாழ்வை எவ்வாறு திருப்பும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

ஆயுதமும் போதைப்பொருளும் எல்லை கடந்து வருகின்றன. நாட்டின் காவலை ஊராரிடம் கேட்டா முடிவு செய்வது என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. அநேகாந்தம் பயின்ற நாம் அப்பக்கத்தையும் மதிக்கவேண்டும். ஆனால் கேட்டல் என்பது இணங்குதல் அன்று. மாணவனைப் பின்வரிசைக்கு மாற்றும் முன் அவன் கண்பார்வையைக் கேட்டறிக என்று ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்தனர். கேட்டபின் முடிவு ஆசிரியருடையதே; கேளாது செய்யும் முடிவு குருட்டு முடிவு. விளைநிலம் எது, நீர்த்துறை எது, முன்னோர் புதைந்த இடம் எது என்பதை வரைபடம் சொல்லாது. அவ்வூர் முதியவர் சொல்வார்.

கவனமின்மையால் உயிர்க்கு ஊறு செய்தலை இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. கேட்டறியக் கூடியதைக் கேளாது விடுதலும் அக்கவனமின்மையே அன்றோ? இல்லறத்தார்க்குரிய திக்விரதம், இத்திசையில் இவ்வளவே செல்வேன் என எல்லை வகுக்கச் சொல்கிறது. அது தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் எல்லை. பிறர்க்கு எல்லை இடுவோர்க்கு அதனினும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

வேலி தேவையா என்பதை ஆள்வோர் முடிவு செய்க. அதன் முதற்கம்பம் நடுமுன், அருகில் வாழ்வோரிடம் ஒரு வினா எழுக. நம் வீட்டுச் சுவருக்கும் இந்நெறி பொருந்தும். நாம் அங்கிருந்தே தொடங்குவோமாக.