சமநிலை ஒன்றே நலமாகுமா?

சமநிலையே அறம் என்று நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். உள்ளதைக் கொண்டு அமைதலும், எதற்கும் கலங்காதிருத்தலும் உயர்ந்த குணங்களென்று போற்றப்படுகின்றன. இக்கொள்கை எவ்வளவு தூரம் உண்மை என்பதை நம் சரீரத்தைக் கொண்டே ஆராய்வோம்.

குனிந்து பால்மரம் வெட்டும் தொழிலாளி சட்டென நிமிர்ந்தால் இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. ஆயினும் அவர் மயங்கி விழுவதில்லை. ஏன்? கழுத்துத் தமனிகளிலும், இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும், குழாய்ச்சுவரின் விரிவை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அழுத்தம் தாழ்ந்ததை அவை முகுளத்துக்கு அறிவிக்கவே, சில நொடிகளில் இதயம் விரைந்து துடிக்கிறது; சிறு நாளங்கள் சுருங்குகின்றன. நெடுநாட் காவலோ சிறுநீரகத்தினுடையது. அது உப்பையும் நீரையும் தேக்கியோ வெளியேற்றியோ அழுத்தத்தை நிறுத்துகிறது. அது சுரக்கும் ரெனின் என்னும் பொருளை டீகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர் 1898-இல் உலகுக்கு அறிவித்தனர்.

நிற்க. இக்காவலில் ஒரு குறை உண்டு. அழுத்தம் பல நாள் உயர்ந்தே நின்றால், அந்நரம்பு நுனிகள் அவ்வுயர்வையே இயல்பென ஏற்று, அதனையே காக்கத் தொடங்குகின்றன. திருடனோடு பழகிய காவற்காரன் அவனையே வீட்டுக்காரனாகக் கொள்வது போன்றது இது. வலி இல்லாமையால் நோயாளி, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்கிறார். உள்ளே இதயமும் மூளையும் சிறுநீரகமும் கெடுகின்றன. மலேசியாவில் 2023-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 29 பேருக்கு இந்நோய் உண்டு.

மனமும் இவ்வாறே பழகிவிடுகிறதன்றோ? பேராக் ரப்பர்த் தோட்டங்களில் லயத்து நெருக்கத்தையும், கள்ளுக்கடையையும், கடல் கடந்தும் ஒழியாத சாதியையும் ‘விதி’ என்று சொல்லி அமைதியாக வாழ்ந்தவர் பலர். அதுவும் ஒரு சமநிலைதான். 1929 டிசம்பரில் ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டுக்குப் பெரியார் வந்தபோது, அவர் அமைதியைக் குலைக்கிறார் என்று வைதிகர் எதிர்த்தனர். குலைந்தது எந்த அமைதி என்று அவர்கள் கேட்கவில்லை.

அப்படியாயின் சமநிலை வேண்டாவோ எனின், வேண்டும். அது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதே கேள்வி. அம்மட்டத்தைப் பழகிப்போன உணர்ச்சி சொல்லாது. வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டும். உடலுக்கு அது கையிற் கட்டும் பட்டை. சமூகத்துக்கோ பகுத்தறிவு. நாம் சகித்துக்கொள்ளும் ஒன்றை, இன்னும் அதற்குப் பழகாத நம் குழந்தைக்கு விரும்புவோமா என்று கேட்டால் விடை தெரிந்துவிடும்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புகளாகவும் மாறிவிட்டன. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பழக்கமோ கூடவே வந்திருக்கிறது. ஆகவே, நலமாயிருக்கிறோம் என்று எண்ணுவோரும் அரசாங்கச் சுகாதார நிலையம் சென்று அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். மருந்துண்பவர் சுகம் கண்டவுடன் தாமாக அதை நிறுத்தலாகாது. வலியில்லை என்பது நலத்துக்குச் சான்றன்று. முணுமுணுப்பில்லை என்பது நீதிக்குச் சான்றன்று.