வரகும் உரலும்

மாணவி: அம்மா, இயற்கையிடம் திரும்பினால் நம்மையும் பிறரையும் பேணலாம், அந்த வழி பெண்களுக்குப் பிறவியிலேயே தெரியும் என்கிறார்கள். உண்மைதானா?

குரு: இரண்டு பேச்சை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டாய். முதலில் இயற்கையைப் பார்ப்போம். நம் பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூர் போயிருக்கிறாயா?

மாணவி: கல்லாகிப்போன மரத்தைப் பார்த்திருக்கிறேன். 18 மீட்டர் நீளம்.

குரு: சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். அதில் விழுந்து, மண் மூடி, கல்லான மரம் அது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தார். அரியலூரில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். வரும்போதும் போகும்போதும் கடல் எந்த உயிரையும் கேட்கவில்லை. நம்மைப் பேணுவதற்காக இயற்கை காத்துக்கொண்டிருக்கவில்லை, கண்ணு.

மாணவி: பிறகு நமக்குச் சோறு போட்டது எது?

குரு: வரகை எடுத்துக்கொள். நம் கரிசல் மானாவாரிக்கு அப்படிப் பொருந்திய தானியம். மழை ஏமாற்றினாலும் தாக்குப்பிடிக்கும். உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. கோபுரக் கலசத்தில் அதைத்தானே நிரப்புகிறார்கள். ஆனால் கதிர் முற்றும்போது மழை பிடித்துக்கொண்டால் அதே வரகில் பூஞ்சை ஏறும். சாப்பிட்டவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், கைகால் நடுங்கும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் செத்தன. பூஞ்சை பிடித்த வரகை மேய்ந்ததால் ஏறிய நச்சு என்றார்கள் ஆய்ந்தவர்கள். காட்டிலேயே பிறந்த யானைக்குத் தெரியவில்லை. உன் பாட்டிக்குத் தெரிந்திருந்தது.

மாணவி: எப்படித் தெரிந்தது?

குரு: ஆக்கிப் போட்டதைத் தின்ற பிள்ளை சுருண்டு படுத்ததைப் பார்த்தவள் ஒருத்தி. எந்தக் காட்டு வரகு, என்றைக்கு அறுத்தது, அன்றைக்கு மழை பெய்ததா என்று யோசித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் சொன்னாள், மகளுக்குச் சொன்னாள். அடுப்பும் குதிரும் யார் கையில் இருந்தனவோ அவர்களிடம் அந்த அறிவு சேர்ந்தது. ஆண்கள் அந்த வேலையைச் செய்திருந்தால் அவர்களுக்கும் வந்திருக்கும். பிறவிக்குணம் என்று சொல்கிறாயே, அவள் பாடுபட்டுக் கற்றதை அந்தச் சொல் இனாமாக்கிவிடுகிறது.

மாணவி: விதை காத்ததும் அப்படித்தானா?

குரு: அதுவும்தான். அறுவடைக்கு முன்பே காட்டுக்குள் இறங்கி, தாள் சாயாத, மணி திரண்ட கதிராகப் பார்த்துத் தனியாக அறுப்பாள். நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, வேப்பிலையும் நொச்சியும் போட்டு, பானை வாயைச் சாணியால் மெழுகிவிடுவாள். ஈரம் புகாது, பூச்சிக்கு மூச்சு கிடைக்காது. அடுத்த ஆண்டு எந்தச் செடி இந்த மண்ணில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தது அந்தக் கை.

மாணவி: இப்போது கடையில் பொட்டலம் வாங்குகிறோம்.

குரு: 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. மக்காச்சோளமும் வந்தது. பெரம்பலூர் காடெல்லாம் இந்த இரண்டும் பரவின. இரண்டும் வீரிய ஒட்டு விதை. எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே விளைச்சல் வராது. கதிர் பார்த்துப் பொறுக்கும் கண்ணுக்கு வேலை போய்விட்டது. 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றபோது, என்ன செய்வது என்று கேட்க மருந்துக்கடைக்காரரைத் தவிர யாரும் இல்லை. சின்ன வெங்காயத்தில்தான் பழைய அறிவு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் அடிக்காற்று போக வேண்டும், விதைக்காயைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பதை யாரும் நமக்குப் பொட்டலம் கட்டி விற்கவில்லை.

மாணவி: அப்படியானால் எல்லோரும் வரகுக்கே திரும்பிவிடலாமே, அம்மா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடியதே.

குரு: வரகு ஏன் போயிற்று என்று நினைக்கிறாய்?

மாணவி: ரேஷன் அரிசி வந்ததால்.

குரு: அது பாதி. மீதி உரலில் இருக்கிறது. வரகின் உமி அடுக்கடுக்கானது, சுலபத்தில் விடாது. திரிகையில் அரைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். கோழி கூவுமுன் எழுந்து குத்தி முடித்தவள், பொழுது விடிந்ததும் களை வெட்டப் போனாள். இரவில் எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்றாள். அரிசி வந்த நாளில் அந்தப் பெண்கள் உரலை விட்டதை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது விடுதலை.

மாணவி: சிறுவாச்சூர் மதுரகாளி கோயிலில் இன்றும் பெண்கள் மாவிளக்குக்குத் தாங்களே மாவு இடிக்கிறார்கள். முகத்தில் அலுப்பே இல்லை.

குரு: கோயில் திறப்பது வழக்கமாகத் திங்களும் வெள்ளியும். வேண்டுதல் உள்ளவள் தானாக வந்து இடிக்கிறாள். நினைத்தால் நிறுத்தலாம். வீட்டு உரலில் அவளால் நிறுத்த முடிந்ததா? பேணுதல் என்று நீ சொல்வதில் பேணுகிறவளும் சேர வேண்டும். அவளை அரைத்துத்தான் மற்றவர்க்குச் சோறு என்றால், அந்தச் சோற்றை எவ்வளவு சத்தானது என்று புகழ எனக்கு வாய் வரவில்லை.

மாணவி: அறிவு வேண்டும், அந்தப் பாடு வேண்டாம் என்றால் எப்படி?

குரு: உமி நீக்க இப்போது மெஷின் இருக்கிறது. அது ஊருக்குள் வரட்டும், பெண்கள் குழுவின் பெயரில் வரட்டும். நிலமும் அவர்கள் பெயருக்கு வரட்டும். விதைப்பானை அவளிடமும் பட்டா அவனிடமும் இருந்த வரைக்கும் எதை விதைப்பது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. உன் அண்ணன்மாரிடம் கேட்டாயா?

மாணவி: இல்லை, அம்மா. கேட்டால் உறவு போய்விடுமோ என்று...

குரு: அந்தப் பயத்தையும் சேர்த்தே பேச வேண்டும். அதைப் பேசாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனத்தை ஆற்றிக்கொள்வது ஒரு நாள் இளைப்பாறல்தான்.

மாணவி: நான் எங்கே தொடங்கட்டும்?

குரு: உன் ஊரில் வரகு விதை வைத்திருக்கும் பாட்டிமார் ஓரிருவராவது இருப்பார்கள். ஆடிப்பட்டத்துக்கு முன் போ. முதலில் அவர் சாப்பிட்டாரா, முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்த்தாரா என்று கேள். அப்புறம் விதையைக் கேள். எந்தக் கதிரை ஏன் ஒதுக்கினார் என்று சொல்லச் சொல்லி எழுதிக்கொள்.

மாணவி: விதைக்கு என்ன கொடுக்கட்டும்?

குரு: ஒரு படி வாங்கினால் அறுவடையில் இரண்டு படி. உன் விதைப்பானையில் அவர் பெயரையும் ஊரையும் எழுதி ஒட்டு. கடைப் பொட்டலத்தில் கம்பெனி பெயர் போடுகிறார்கள் அல்லவா?