யாருக்கும் போகாத தண்ணீர்

சென்ற சித்திரையில் ஏலாக்குறிச்சி வீட்டு வாசலில் ஒரு நீரூற்று கட்டினேன். நீரூற்று என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். பாட்டி காலத்து ஆட்டுக்கல்லின் குழியில் துளை போட்டு, ஒன்றரை அடி விட்டமுள்ள சிமென்ட் தொட்டியின் நடுவே அதை ஏற்றி, அடியில் 18 வாட் மோட்டார் ஒன்றை மூழ்க வைத்தேன். குழாய் வழியே ஏறும் தண்ணீர் குழியில் நிறைந்து, விளிம்பில் வழிந்து, கூழாங்கற்கள்மேல் விழுந்து, திரும்பத் தொட்டிக்கே வரும்.

அப்பா போனபிறகு அம்மா தனியாக இருக்கிறார். நான் சென்னையில். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் போகப்போக அம்மாவை மறந்துவிட்டேன். தண்ணீர் ஒரே பக்கமாக வழிந்தது. ரசமட்டம் வைத்து ஆட்டுக்கல்லுக்கு அடியில் ஓட்டுச் சில்லு செருகினேன். தெறித்து வெளியே விழுந்தது. வால்வு போட்டு வேகத்தைக் குறைத்தேன். இரண்டு சனி ஞாயிறு இப்படியே போயின. புரோகிராமில் ஒரு பிழையைத் துரத்துகிறபோது வருகிற அதே வெறி.

எல்லாம் சரியாகி, நான்கு பக்கமும் கண்ணாடி மாதிரி தண்ணீர் இறங்கிய அன்று சாயங்காலம், எதிர்வீட்டு அக்கா தெருக்குழாய்க்குக் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார். கேட்டருகே நின்று பார்த்தார்.

"நல்லாருக்கே தம்பி. எங்கேர்ந்து வருது?"

"அதே தண்ணிதான்க்கா. சுத்திச் சுத்தி வருது."

"அப்ப யாருக்கும் போகாதா?"

குத்திக்காட்டுகிற தொனி எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "போகாதுக்கா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது என் தொழில் புத்தி. கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், என் தொட்டியில் இழப்பு ஒரு லிட்டர். தெறிப்பதையும் சேர்த்தால் இரண்டு. கிராமங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மின்சாரம், நாளைக்கு ஆறு மணிநேரம் ஓடினாலும் மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான். அது எங்கள் போர்வெல் தண்ணீர். அக்காவின் பங்கிலிருந்து நான் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. கணக்கு என்னை விடுதலை செய்துவிட்டது. ஆனாலும் உறுத்தல் போகவில்லை. அப்படியென்றால் தவறு லிட்டரில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

இன்னொரு வாதமும் இருக்கிறது. ஊரில் ஒருவருக்குக் குறை இருக்கும்வரை இன்னொருவர் தேவைக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போனால் கோலத்துக்கு மாவு கூடாது, கனகாம்பரச் செடிக்குத் தண்ணீர் கூடாது. அந்த அக்காவே வாசலில் இரண்டு செவ்வந்திச் செடி வைத்து, சுமந்து வந்த தண்ணீரில் ஒரு செம்பை அதற்கு ஊற்றுகிறவர்தான். அழகு வசதிக்காரர்களின் சமாச்சாரம் என்று அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தை நினைத்துக்கொண்டேன். பதினான்காம் லூயி அமைத்த அத்தனை நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட அங்கே தண்ணீர் போதாது. செய்ன் நதியிலிருந்து தண்ணீரை ஏற்ற 14 பெரிய சக்கரங்கள் கொண்ட இயந்திரம் 1684இல் ஓடத் தொடங்கியது, அப்போதும் போதவில்லை. அதனால் ராஜா நெருங்கும்போது ஊழியர்கள் விசிலடித்துச் சொல்வார்கள். அந்த ஊற்று திறக்கும். அவர் தாண்டிப் போனதும் மூடிவிடுவார்கள். அத்தனை பேருடைய பொறியியல் மூளையும் ஒரு மனிதனின் கண் எங்கே திரும்புகிறது என்பதிலேயே குவிந்திருந்தது. விருந்தாளி வரும்போது ஓடிப்போய் சுவிட்சைப் போடுகிற நானும் வேறு என்ன செய்கிறேன்?

எங்கள் அரியலூர் மாவட்டத்திலேயே வேறுமாதிரி ஓர் உதாரணம் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி. திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித் தூண் என்கிறது. பெருமைக்காக எழுந்த தண்ணீர்தான். ஆனால் கல்லில் தூண் நட்டிருந்தால் நின்றுகொண்டு மட்டும் இருந்திருக்கும்; ஏரியாக வெட்டியதால் வயலுக்குப் போயாக வேண்டியிருந்தது. அதற்காக அதைப் புனிதமாக்கிவிடவும் முடியாது. கங்கைத் தண்ணீரைத் தோற்ற அரசர்களைச் சுமக்க வைத்துக் கொண்டுவந்ததாக அதே செப்பேடு சொல்கிறது. பார்க்கிற தண்ணீருக்குப் பின்னால் எப்போதும் சுமந்தவர் ஒருவர் இருக்கிறார்.

என் வீட்டில் சுமப்பது மோட்டார். மணிக்கு 600 லிட்டர் தூக்குகிறது. 12 லிட்டர் குடத்தில் ஐம்பது குடம். தொட்டியில் இருப்பதோ இரண்டரைக் குடம். அதையே தூக்கித் தூக்கிப் போடுகிறது. அம்மாவிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அம்மா கொள்ளிடக்கரையில் பிறந்தவர். சிரிக்கவில்லை.

"நாங்க ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டி எடுப்போம்டா. மொதல்ல கலங்கலாத்தான் வரும். எறைச்சு ஊத்திட்டு, தெளியறவரைக்கும் சுத்தி உக்காந்து பாத்துக்கிட்டே இருப்போம். அடியில மணல் துள்ளுறது தெரியும். அவ்ளோ அழகா இருக்கும். முன்னாடி உக்காந்திருக்கறவ குடம் ரொம்புனாத்தான் அடுத்தவளுக்கு."

அம்மாவும் தண்ணீரை வேடிக்கை பார்த்தவர்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இன்னொருத்தி குடத்தோடு இருந்தாள், அவளும் அந்தப் பார்வைக்குள் இருந்தாள். நான் நான்கு நாள் முழுக்கத் தண்ணீரைப் பற்றி மட்டுமே யோசித்தேன். வழிகிற வேகம், விழுகிற ஓசை, விளிம்பின் மட்டம். அந்த நான்கு நாளும் கேட்டைத் தாண்டிக் குடங்கள் போய்வந்தன. ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. போர்வெல் பல வருஷமாக இருக்கிறது, அதுவும் தோன்றவில்லை. நான் வீணாக்கியது தண்ணீரை அல்ல, கவனத்தை. லிட்டர் கணக்கில் அது வராது.

சென்னைக்குத் திரும்பி யோசித்துக்கொண்டிருந்தேன். ஊற்றை எடுத்துவிடலாமா, கொசு வராமலிருக்க வாரம் ஒருமுறை இறைக்கிற தண்ணீரையாவது வெளியே ஆடுகளுக்கு விடலாமா என்றெல்லாம். அம்மாவுக்கு போன் செய்தேன்.

"பிளம்பர் தம்பி வந்துச்சு. கேட்டுக்கு வெளிய நம்ம போர்லேர்ந்து ஒரு பைப்பு வச்சாச்சு. தெருவுல யாரு வேணாலும் புடிக்கட்டும்" என்றார்.

"என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா?"

"இதுல என்னடா சொல்றதுக்கு இருக்கு?"

"அப்ப அந்த ஊத்து? எடுத்துரவா?"

"அது என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு ஓடட்டும். குடம் ரொம்பற வரைக்கும் எதிர்வீட்டுக்காரி அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறா."